பாடியில் ஒரு தண்ணீர்க் குண்டு

பாடிக்கு டிக்கெட் கேட்டால், "லூகாஸா சார்?" என்று கண்டக்டர் திருப்பிக் கேட்கிறார். ஞானசம்பந்தர் வந்து பாடிய காலத்தில் இந்தத் தலத்துக்குத் திருவலிதாயம் என்று பெயர். 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை வந்தது, பஸ் நிறுத்தம் லூகாஸ் ஆயிற்று. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட பெயரை மோட்டார்ச் சாமான் கம்பெனி ஒன்று ஓரங்கட்டி விட்டதே என்று நான் வருத்தப்படவில்லை. அந்தச் சங்குச் சத்தத்தை நம்பி எத்தனையோ அடுப்புகள் எரிந்திருக்கின்றன.

நான் போனது 2019 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. அன்றைக்குக் கோயிலில் குரு பகவானுக்குக் கூட்டம். கொண்டைக்கடலை மாலையும் மஞ்சள் துணியுமாக வரிசை நீண்டிருந்தது. பாரத்வாஜ முனிவர் வலியன் என்னும் கரிக்குருவியாக வந்து பூஜித்த இடம் என்பது தலபுராணம். சுவாமிக்கு வலிதாயநாதர் என்று பெயர் வந்தது அதனால்தான். கரிக்குருவி ஏதாவது கண்ணில் படுமா என்று அண்ணாந்து பார்த்தேன். காக்கைகள்தான் இருந்தன, அவையும் தாகத்தோடு இருந்த மாதிரி தோன்றிற்று.

தாகத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு பாளமாக வெடித்துக் கிடந்தன. வடக்கே ரயில் பாதையைத் தாண்டினால் கொரட்டூர் ஏரி. அதில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கின்றன என்று ஊர் ஜனங்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் வழக்காடியிருக்கிறார்கள். பக்கத்து வில்லிவாக்கத்துக்கு ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்து இறங்கியது. ஐம்பது வாகன்கள், சுமார் 25 லட்சம் லிட்டர். மாப்பிள்ளையை வரவேற்பது போல் மாலை மரியாதையோடு வரவேற்றார்கள்!

கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் நண்பர் வீடு. அவர் இன்னும் ஷிப்டு முடிந்து வரவில்லை. வாசல் திண்ணையில் அவருடைய மகன், ஒன்பது வயசு வாண்டு, காலண்டர்த் தாளை மடித்துக் கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"தண்ணிக் குண்டு மாமா. ஸ்கூல்லே சொல்லிக் கொடுத்தாங்க."

எனக்கும் ஒரு தாள் கிடைத்தது. சதுரமாகக் கிழித்துக் கொள்ள வேண்டும். மூலைக்கு மூலை இரண்டு தடவை மடித்துப் பிரிக்க வேண்டும். தாளைத் திருப்பிப் போட்டு நடுவில் குறுக்கே ஒரு மடிப்பு. இப்போது இரண்டு பக்கத்தையும் உள்ளே தள்ளினால் தாள் தானாகவே முக்கோணமாக அடங்கி உட்காருகிறது. முன்னால் இரண்டு சிறகு, பின்னால் இரண்டு சிறகு. நான்கின் நுனியையும் உச்சிக்குத் தூக்கினால் சாய்சதுரம். அதன் இரண்டு பக்க மூலைகளையும் முன்னும் பின்னும் நடுக்கோட்டுக்குக் கொண்டு வர வேண்டும். அப்புறம்தான் சூட்சுமம்: உச்சியில் தொங்கும் நாலு குட்டி நுனிகளைக் கீழே மடித்து, பக்கத்து மடிப்புகளில் இருக்கும் பைக்குள் சொருக வேண்டும். பசை கிடையாது, நூல் கிடையாது. எதிர்முனையில் இருக்கும் ஓட்டையில் வாயை வைத்து ஊதினால், தட்டையாயிருந்த காகிதம் விம்மிப் பெட்டியாக எழுந்து நிற்கிறது.

அவனுடையது எழுந்து நின்றது. என்னுடையது பெருமூச்சு விட்டுப் படுத்துக் கொண்டது.

"நகத்தாலே அழுத்தணும் மாமா. மடிப்பு சரியா விழலேன்னா மூச்சு நிக்காது."

போன மானத்தை மீட்க நான் கொஞ்சம் படிப்பைக் காட்டினேன். ஜப்பானில் இதற்குக் காகித பலூன் என்று பெயர் என்றேன். இங்கிலாந்தில் நானூறு வருஷத்துக்கு முன்பே பையன்கள் ஈயைப் பிடித்து அடைக்கும் காகிதச் சிறையைப் பற்றி வெப்ஸ்டர் என்பவர் நாடகத்தில் எழுதியிருக்கிறார், அது இந்த மடிப்பாகவே இருக்கலாம் என்கிறார்கள் என்றேன். ஆக்ஸ்போர்டில் குரிபயாஷி என்ற ஜப்பானியப் பெண்மணியும் அவர் ஆசிரியரும் இதே மடிப்பை உலோகத் தகட்டில் போட்டு, ரத்தக் குழாய்க்குள் சுருக்கி நுழைத்து உள்ளே விரித்துவிடக் கூடிய குழாய் செய்து, 2006-ல் கட்டுரை வெளியிட்டார்கள் என்றும் சொன்னேன். பையன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக் கொண்டான்.

"சரி மாமா, தண்ணி?"

அதுதான் கஷ்டம். உள்ளேயிருந்து பாட்டியின் குரல் வந்தது. "லாரி வந்து மூணு நாளாச்சு. குடத்துக்குக் குடம் எண்ணி வச்சிருக்கேன். ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயிலேறி வந்த தண்ணியைக் குண்டு போட்டு விளையாடணுமாடா உனக்கு?"

ரயில் தண்ணீர் நேரே கீழ்ப்பாக்கத்துக்குக் குழாயில் போகிறது, இந்தச் சந்துக்கு வருவதில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். பாட்டியிடம் யார் சொல்வது?

பையன் அடம் பிடிக்கவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது. காற்று மட்டும் ஊதிய குண்டை ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போட்டுப் பிடித்துக் கொண்டிருந்தான். நான் அந்த வயதில் கிணற்றடியில் வாளி வாளியாகக் கொட்டி ஆடியது ஞாபகம் வந்தது. என் பையில் பாதி பாட்டில் தண்ணீர் இருந்தது. எடுக்கலாமா, எடுத்தால் பாட்டிக்கு அவமானமாகுமா என்று யோசித்துக் கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சற்று நேரத்தில் பாட்டி ஒரு டம்ளரோடு வந்தாள். வெள்ளையாக, கலங்கலாக இருந்தது.

"அரிசி களைஞ்ச தண்ணி. முருங்கைக்கு வச்சிருந்தேன். எங்கே போடறதா இருந்தாலும் முருங்கையடியிலே போடு. ஒரு சொட்டு வாசல்லே விழுந்துது, அப்புறம் பாரு!" என்னைப் பார்த்து, "நீங்க காபி சாப்பிடறேளா தம்பி?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காபிக்கும் தண்ணீர் வேண்டுமே!

ஓட்டை வழியாக நிதானமாக ஊற்றினோம். வழவழப்பான மாதக் காலண்டர்த் தாள் ஆனதால் உடனே ஊறிப் போகவில்லை. பத்திரிகைத் தாளாயிருந்தால் அப்போதே குழைந்திருக்கும். பையன் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக் கொண்டு, விளக்கை எடுத்துப் போவது போல் முருங்கையடிக்கு நடந்தான். எறியப் போகிறான் என்று நான் ஒதுங்கினேன்.

அவன் எறியவில்லை. மரத்தடியில் மெல்ல வைத்துவிட்டுக் குந்திக் கொண்டான். ஒரு மூலையில் முதல் சொட்டு துளிர்த்தது. "ஒண்ணு" என்றான்.

நண்பர் ஷிப்டு முடிந்து வந்தபோது நாற்பத்தேழில் இருந்தோம். அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் எங்களோடு குந்தி உட்கார்ந்து கொண்டார்.