நிற்கிற வண்டியும் ஓடுகிற வண்டியும்

“பிரேக் புடிச்சா இழுக்குதா சார், சும்மா போம்போதே இழுக்குதா?”

சித்தூரில் திருப்பதி சாலையோரப் பட்டறையில் மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி இது. அதற்குள் எங்கள் ஊரில் இரண்டு முறை வீல் அலைன்மென்ட் செய்திருந்தேன். கையில் இரண்டு தாள்கள், கட்டமெல்லாம் பச்சை. ஆனாலும் ஸ்டியரிங்கைத் தளர்த்தினால் கார் இடப்பக்கம் போனது. இடது முன் டயரின் உள்விளிம்பில் பட்டன் மொட்டையாகியிருந்தது.

“சும்மாவே இழுக்குது. பிரேக் புடிச்சா இன்னும் ஜாஸ்தி” என்றேன்.

மேஸ்திரி தாளை வாங்கவில்லை. உதவிப் பையனிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். சித்தூர் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஊர். அவர் பேச்சிலும் வேலூர் வாடைதான். முதலில் காற்று பார்க்கச் சொன்னார். இரண்டு முன் டயர்களில் ஒன்றில் காற்று இறங்கியிருந்தாலே வண்டி அந்தப் பக்கம் சாயும். என் வண்டியில் இரண்டும் சமம்.

பிறகு குந்தி உட்கார்ந்து டயரைக் குறுக்காகத் தடவினார். என் கையையும் இழுத்து வைத்தார். ஒரு திசையில் வழவழப்பு. திருப்பித் தடவினால் ரம்பப்பல். “இது டோ தப்பு. சக்கரம் உருளல, இழுபடுது.” நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் குறைவு, குழிகுழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கும் அல்லது பேலன்சிங் இல்லை என்று விரல் விட்டு எண்ணினார்.

டோ என்பது சக்கரம் நேர்கோட்டிலிருந்து உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். அரை டிகிரி பிசகினால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 9 மீட்டர் அளவுக்கு ரப்பர் பக்கவாட்டில் உரசும். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் அறுநூறு மீட்டர் உரசல்.

அடுத்து முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றி ஒரு சுற்று ஓட்டினோம். இழுப்பு வலப்பக்கம் மாறியிருந்தால் டயர்தான் குற்றவாளி. மாறவில்லை. இறங்கியதும் சக்கரங்களின் அருகே உள்ளங்கையைக் காட்டினார். பிரேக் காலிபர் சிக்கியிருந்தால் ஒன்று மட்டும் கொதிக்கும். இரண்டும் ஒரே சூடு.

ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார்: டை ராடு எண்டில் ஆட்டமில்லை. மேலும் கீழுமாக ஆட்டினார்: பால் ஜாயிண்டும் நன்று. கடைசியில் சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்முக்கு அடியில் கம்பியைக் கொடுத்து நெம்பினார். பின்பக்க புஷ்ஷின் ரப்பர் வாயைப் பிளந்தது.

“நிக்கும்போது ஆர்ம் தன் இடத்துல நிக்கும். ஓடும்போது, பிரேக் புடிக்கும்போது நகரும். மெஷினுக்கு நிக்கிற வண்டி மட்டும்தான் சார் தெரியும்.”

இரண்டு பச்சைத் தாள்களும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தன. கேள்விதான் தப்பு. அலைன்மென்ட் கடைசி வேலை. ஆட்டம் பார்ப்பது முதல் வேலை.

புது புஷ் ஏற்றியதும், பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் பிடித்து டோவைச் சுமாராக நேராக்கினார். “மிச்சத்த திருப்பதில மெஷின்ல வச்சுடுங்க.”

திருப்பதிக் கடையில் இருபது வயது மதிக்கத்தக்க பையன். நான்கு சக்கரங்களிலும் தகடுகளைக் கவ்வ வைத்தான், எதிரே கேமராக்கள். என்னுடையதைப் போன்ற சின்னக் கார்களில் பெரும்பாலும் டோவை மட்டுமே திருத்த முடியும், மற்ற கோணங்களான கேம்பரும் காஸ்டரும் பாகங்கள் சரியாக இருந்தால்தான் சரியாக இருக்கும் என்றான். மேஸ்திரி சொன்னதையே அவன் வேறு வழியில் சொன்னான்.

ஓரமாகக் கழற்றிப் போட்டிருந்த டாக்சி டயர்களில் வெளித்தோள் தேய்ந்திருந்தது. “இதுவும் டோவா?” என்றேன். சிரித்தான். “இது திருமலை சார்.” 1944-இல் போட்ட முதல் மலைச்சாலை இப்போது இறங்க, 1970-களில் வந்த இரண்டாவது ஏற. கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் திரும்பும் வண்டிக்கு முன் டயரின் வெளியோரம்தான் பாரம் தாங்கும். அதற்கு மருந்து அலைன்மென்ட் அல்ல. டயர்களை முறைவைத்து முன்பின் மாற்றுவது.

இரண்டு பேரின் உள்ளங்கையும் ஒரே கறுப்பு. ஒருவர் கையால் காரணம் தேடுகிறார், மற்றவர் திரையில் அளவு தேடுகிறார். என் வண்டிக்கு இருவரும் வேண்டியிருந்தது. நான் வரிசையை மாற்றியிருந்தேன்.

திரும்பும்போது சந்திரகிரி தாண்டி ஸ்டியரிங்கை லேசாகத் தளர்த்தினேன். வண்டி மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கம் நகர்ந்தது. நெஞ்சு ஒரு கணம் நின்றது. உடனே மேஸ்திரி கிளம்பும்போது சொன்னது நினைவுக்கு வந்தது: “கொஞ்சமா லெஃப்ட் போனா திரும்ப வந்துடாதீங்க. மழைத்தண்ணி வடிய ரோட்டையே அப்பிடித்தான் சாய்ச்சிருக்காங்க.”