அதியமான்கோட்டை: விதானத்தை அளந்து வரையுங்கள்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் பேருந்து வேகமெடுப்பதற்குள் வந்துவிடும் ஊர் அதியமான்கோட்டை. நல்லம்பள்ளி ஒன்றியம், 1965 வரை சேலம் மாவட்டம். ஆட்சிக் கணக்கு அவ்வளவுதான்.

ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கிய ஊர் இது. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-இல் கிடைத்த தமிழ் பிராமிக் கல்வெட்டில் ‘சதியபுதோ’ என்ற பட்டத்தோடு அந்தப் பெயரே இருக்கிறது. அசோகர் தம் கல்வெட்டுகளில் குறிப்பிட்ட சதியபுத்திரர் அதியர்தாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் ஊரின் பெரிய சொத்து என்று நான் சொல்வது சென்றாயப் பெருமாள் கோயிலைத்தான். மகாமண்டபத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். விதானத்தில் விஜயநகர, நாயக்கர் பாணியில் பாரதமும் இராமாயணமும் வண்ணத்தில் விரிகின்றன. கழுத்து வலித்தால் கண்ணாடி ஒன்றைக் கீழே பிடித்துப் பார்க்கலாம். படங்கள் காலடிக்கே வந்துவிடும். கல் பலகைமேல் சுண்ணாம்புச் சாந்து பூசித் தீட்டிய ஓவியத்தின் இயல்பு இது: மேல்தளத்தில் நீர் கசிந்தால் சாந்துக்குள் உப்பு பூக்கும். உப்பு பூத்த இடத்தில் வண்ணம் செதில் செதிலாகக் கழன்றுவிடும். முதலில் ஒரு கை போகும், பிறகு முகம், பிறகு கதையே போகும்.

இதை நினைக்கும்போதெல்லாம் தரங்கம்பாடியின் டேனிஷ் ஆளுநர் மாளிகை ஞாபகம் வருகிறது. கடலோரம் நிற்கும் அந்த வீட்டை உப்புக்காற்று எவ்வளவோ தின்றிருந்தது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் இந்திய மரபுரிமை அமைப்பான இன்டாக்கும் சேர்ந்து அதை மீட்டன. அத்தகைய வீட்டில் கொத்தனார் கரணையை எடுப்பதற்கு முன் அளவு நாடா வர வேண்டும். பழைய சுவர் எதுவும் சரியான மூலைமட்டத்தில் நிற்காது. நான்கு பக்க அளவு போதாது, மூலைக்கு மூலை குறுக்களவும் வேண்டும். சாய்வுக்குத் தூக்குக்குண்டு, தரைக்கு ரசமட்டம். பிறகு தளப்படம், வெட்டுப்படம், முகப்புப்படம். விரிசலும் ஈரம் ஏறிய இடமும் அதில் பதிவாகும். 1788 முதல் 1806 வரை அங்கே ஆளுநராயிருந்த பீட்டர் ஆங்கர் தரங்கம்பாடியைத் தம் கைப்படச் சித்திரங்களாகத் தீட்டியவர். அந்த ஊரின் பழைய தோற்றத்தைத் தேடுகிறவர்களுக்கு அவை பெரிய கொடை.

எங்கள் கோயில் விதானத்துக்கு அப்படி அளந்து வரைந்த படங்களை நான் எங்கும் பார்த்ததில்லை. கேட்டுப் போன இடங்களில் கைபேசிப் படங்களைக் காட்டினார்கள். ஒளிப்படம் வேண்டியதுதான், ஆனால் எந்தக் கல் எவ்வளவு தொய்ந்திருக்கிறது, எந்த இணைப்பில் கசிகிறது என்பதை அளவுப்படம்தான் சொல்லும்.

தேய்பிறை அஷ்டமியன்று இதே ஊரின் காலபைரவர் கோயிலில் நிற்க இடமிருக்காது. சாம்பல் பூசணியில் விளக்கேற்ற எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குப் பெருமாள் கோயில் விதானம் தெரியும்? வழி சொல்ல ஒரு நல்ல பலகை வைக்கக்கூட நமக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. கட்டடம் அளக்கப் படிக்கும் பிள்ளைகள் வெளியூர்ப் பாலத்தையும் அணையையும் பார்க்கப் போகிறார்கள். நூலைக் கட்டி, விதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வரைய ஒரு வகுப்பை இங்கே அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? மழைக்கு முன் மேல்தளத்து ஒழுக்கை அடைக்க வேண்டும். அடைக்க ஆள் ஏறுவதற்கு முன்னால் இந்த வரைபடம் முடிந்திருக்க வேண்டும்.