குதிகாலும் அரைப்பேரும்

அதிகாலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடிகள்தாம் இப்போது எனக்கு நாளின் மிகக் கடினமான பயணம். இடது குதிகாலுக்குச் சற்று மேலே, யாரோ இரவு முழுதும் கயிற்றை முறுக்கி இழுத்துக் கட்டிவைத்ததைப் போன்ற இறுக்கம். சுவரைப் பிடித்தபடி அடுப்படி வரை நொண்டிச் சென்றால், தேநீருக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் அது தளர்ந்துவிடும். அப்படித் தளர்ந்துவிடுவதுதான் அதன் சூழ்ச்சி. எட்டு மணியளவில் ‘குணமாகிவிட்டது’ என்ற நம்பிக்கை பிறக்கும். மாலையில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு புறப்படத் தோன்றும். மறுநாள் காலை மீண்டும் சுவர். பத்து மாதங்களாக இதே கதை.

ஓட்டத்தில் நான் எவரையும் வென்றவனல்லன். செய்தி ஆசிரியர் பீடத்தில் இரவுப் பணி, நள்ளிரவுக் கொத்துரொட்டி, பக்கம் முடியும்வரை சீனி போட்ட தேநீர் என்று இருபது ஆண்டுகள் கழிந்தபின், நாற்பத்து நான்காவது வயதில் வைத்தியர் ஒருவர் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அன்று தொடங்கியதுதான் கொழும்புச் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிய எனது ஓட்டம். ஓட்டமென்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன். என்னைக் கடந்து வேகமாக நடந்து சென்ற ஓய்வுபெற்ற அதிகாரிகள் வேறு பெயர் வைத்திருக்கக்கூடும்.

தாயாருக்குத் துணை வேண்டியிருந்ததால் சென்ற ஆண்டு ராகலைக்குத் திரும்பினேன். எழுத்து வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்றாகிவிட்ட காலமிது. வந்த மறுவாரமே, கொழும்பின் தட்டை நிலத்தில் ஓடிப் பழகிய காலை மலையேற்றத்தில் விட்டேன். அதுவே பிழை. மேட்டில் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் முன்பாதம் உயர்ந்தும் குதிகால் தாழ்ந்தும் நிற்க, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு பிணைக்கும் தசைநாண் வழமையைவிட அதிகமாக இழுபடுகிறது. ஐம்பதைக் கடந்தவன் அதைப் படிப்படியாகப் பழக்கியிருக்க வேண்டும். நானோ பிறந்த மண் என்னைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். பிறந்த மண்ணுக்கு அப்படியொரு கடமை இல்லை.

நான் ஓடிய தடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒரு காலத்தில் சிற்றகலப் பாதையில் ரயில் ஓடியது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடி மட்டுமே. 1904இல் ராகலை வரை வந்த அந்த ரயில், வீதிப் போக்குவரத்தோடு போட்டியிட இயலாமல் 1940களில் மறைந்துபோனது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிச் செல்ல வந்தது அது. பெட்டிகளை நிரப்பியவர்கள் அதில் எத்தனை தடவை பயணித்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி. ரயில் செங்குத்தாக ஏறமாட்டாது என்பதால் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறும்படி தடத்தை வெட்டியிருந்தார்கள். அதன் எச்சங்கள் முதிர்ந்த ஓட்டக்காரனுக்கென்றே அமைந்தவை போன்றவை. நான் அதில் மட்டும் ஓடியிருந்தால் இதை எழுத நேர்ந்திராது. தேயிலை மலைக் குறுக்குப்பாதைகளில் ஏறியதுதான் வினையாயிற்று.

முதலில் பார்த்த வைத்தியர், “இந்த வயதில் ஓட்டம் எதற்கு? நடந்தால் போதாதா?” என்றார். ஆறு வாரம் ஓய்ந்திருந்தேன். வலி குறைந்தது, ஓடினேன், வலி வந்தது. நண்பர்களோ வேறு வகை. தொலைபேசியில் நொண்டுகிறேன் என்று சொன்ன மாத்திரத்தில், “பௌஜா சிங்கைப் பார்” என்பார்கள். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறி, எண்பத்தொன்பதாவது வயதில், 2000இல், இலண்டன் மரதன் ஓடியவர். 2011இல் டொரொண்டோ மரதனை நூறு வயதில் முடித்தவர். 2025 யூலையில் தமது ஊரருகே வீதியைக் கடக்கையில் வாகனம் மோதி, 114ஆவது வயதில் இறந்தார். பெரிய மனிதர்தான். ஆனால் அவரைக் காட்டி எங்களை அடிப்பது நியாயமில்லை. எனக்கு அவருடைய ஓட்டத்தைவிட இன்னொரு செய்திதான் மனத்தில் தங்கியது. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அவருடைய நூறு வயது மரதனைக் கின்னஸ் ஏற்கவில்லை. மலையகத்தவருக்கு இது பழக்கப்பட்ட கதை. என் தாயாரிடமும் அப்படியொரு தாள் கிடையாது. எண்பதைக் கடந்துவிட்டார் என்பது எங்கள் கணக்கு. அவருடைய கணக்கில் ஆண்டுகள் இல்லை, துரைமார்களின் பெயர்களே உண்டு.

பின்னர் நுவரெலியாவில் இளம் இயன்மருத்துவர் ஒருவர் எனக்குச் சரியான வழியைக் காட்டினார். ஓய்வு தசைநாணைக் குணப்படுத்தாது, அளவறிந்து சுமை ஏற்றினால்தான் அது வலுப்பெறும் என்றார். அந்தப் பயிற்சிக்கு ஒரு சுவையான பூர்வீகம் உண்டு. சுவீடனின் ஊமியோ நகரத்து எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஹோகன் அல்ஃபிரெட்சன் தாமும் ஓட்டக்காரர், இதே வலியால் அவதிப்பட்டவர். தமக்குச் சத்திரசிகிச்சை செய்யும்படி மேலதிகாரியிடம் கேட்க, அவர் மறுத்துவிட்டாராம். தசைநாண் முற்றாக அறுந்தால் மறுக்க முடியாதல்லவா என்றெண்ணி, வேண்டுமென்றே அதை வருத்தும் பயிற்சிகளைச் செய்யத் தொடங்கினார். நாண் அறவில்லை, வலிதான் போயிற்று. 1998இல் அவர் வெளியிட்ட ஆய்வில், என்னைப் போன்ற பொழுதுபோக்கு ஓட்டக்காரர் பதினைந்து பேரும் பன்னிரண்டு வாரத்தில் மீண்டும் ஓடினார்கள். பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாருக்கும் அவ்வளவு நற்செய்தி சொல்லவில்லை.

படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நல்ல காலால் உயர்ந்து, நோயுற்ற காலால் மெல்லக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நீட்டிப் பதினைந்து முறையாக மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும். நாளொன்றுக்கு நூற்றெண்பது இறக்கங்கள். வலி குறையக் குறைய முதுகில் பாரம் ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டு வாசற்படியில், முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசியுடன் நான் ஏறி இறங்குவதை ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா எட்டாம் நாள் கேட்டார்: “மூட்டையக் கட்டிக்கிட்டு படியில எறங்குறதுக்கு அந்த டாக்டரு காசு வேற வாங்குறாராய்யா?”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சேலையைச் சற்று உயர்த்தித் தமது வலது குதிகாலைக் காட்டினார். எனக்கிருப்பது போலவே, அதே இடத்தில், புளியங்கொட்டையளவு தடிப்பு. “இது ஒன் தங்கச்சி பொறந்த வருசம் வந்திச்சு. காலையில எந்திரிச்சா ஊண ஏலாது. பெரட்டுக்குப் போகப் போக விட்டுரும்.”

நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்து செங்குத்து மலைகளில் ஏறி இறங்கியவர். எந்த வைத்தியரிடமும் காட்டவில்லையா என்று கேட்டேன். “காட்டுனா சும்மா இருன்னுவாங்க. சும்மா இருந்தா பேரு போயிருமே.” அந்தச் சொல்லை வெளியூர் வாசகர்களுக்கு விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு ‘பேர்’. தாமதமாக வந்தாலோ கொழுந்தின் நிறை குறைந்தாலோ ‘அரைப்பேர்’. நொண்டி நொண்டி மலைக்கு ஏறிய காலைகளில் அவருக்கு எத்தனை அரைப்பேர் விழுந்ததோ. பழந்துணியைத் தைலத்தில் நனைத்து அவர் காலைச் சுற்றிக் கட்டுவது எனக்கு நினைவிருக்கிறது. ஈரத்துக்காகக் கட்டுகிறார் என்றே எண்ணியிருந்தேன். தோட்டச் சம்பளத்தைப் பற்றி, கூட்டு ஒப்பந்தங்களைப் பற்றி முப்பது ஆண்டுகளாக எழுதியவன் நான். எத்தனையோ தொழிலாளரிடம் குறிப்பேட்டை நீட்டியிருக்கிறேன். வீட்டுக்குள் இருந்த காலைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவொன்றை அண்மையில் படித்தேன். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கதிரியக்கக் காபனின் சுவடுகளைக் கொண்டு, குதிகால் தசைநாணின் உட்பகுதி எந்த வயதில் உருவானது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறக்குறையப் பதினேழு வயதுக்குள் உருவாவதே அது. அதன்பின் அவ்வுட்பகுதி புதுப்பிக்கப்படுவதே இல்லை என்னுமளவுக்கு அப்படியே இருக்கிறது. என் குதிகாலில் இன்றும் இருப்பது, ராகலைப் பாடசாலைக்கு வெறுங்காலோடு ஏறி இறங்கிய பையனின் நாண். அம்மாவுடையது, பதின்மூன்று வயதில் கொழுந்தெடுக்கத் தொடங்கிய ஒரு சிறுமியினுடையது.

பன்னிரண்டு வாரம் முடிந்துவிட்டது. சென்ற ஞாயிறு பழைய ரயில் தடத்தில் இரண்டு கிலோமீற்றர் ஓடினேன், மிக மெதுவாக. மறுநாள் காலை இறுக்கம் இருந்தது. ஆனால் சுவர் தேவைப்படவில்லை. அம்மாவையும் நுவரெலியாவுக்கு அழைத்துச் செல்லலாமென்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். வரமாட்டேன் என்கிறார். நான் படியில் நிற்கும்போது மட்டும் திண்ணையில் வந்து அமர்ந்து, என் எண்ணிக்கையைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். நேற்று மாலை மூன்றாம் சுற்றில் பதின்மூன்றோடு நிறுத்தி இறங்கப் பார்த்தேன்.

“இன்னும் ரெண்டு இருக்கு,” என்றார். “அரைப்பேரு போட்டுருவேன்.”