புக்கிட் தீமாவில் நின்று போகும் வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி நிலையத்தை விட்டு வெளியே வந்து சற்று நடந்தால், சாலைக்குக் குறுக்கே உயரத்தில் பழைய ரயில் பாலம் தெரியும். மேலே ஏறிவிட்டால் வாகன இரைச்சல் கீழேயே தங்கிவிடும். கொஞ்ச தூரத்தில் புக்கிட் தீமா பழைய ரயில் நிலையம். அங்கிருந்துதான் என் நடை தொடங்கும்.

இந்தப் பாதையில் எல்லாரும் என்னைத் தாண்டிப் போவார்கள். ஓடுபவர்கள், சைக்கிள்காரர்கள், பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் தம்பதியர், ஏன், கைவீசி நடக்கும் எழுபது வயதுத் தாத்தாக்களும்கூட. எனக்கு வயது 38.

ஆறு ஆண்டுகளுக்கு முன் தோளில் தொடங்கிய வலி, முதுகு, இடுப்பு, முழங்கால் என்று உடம்பு முழுக்கப் பரவியது. எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்காதவள் போலவே எழுவேன். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் ‘நார்மல்’. அந்தச் சொல்லைக் கேட்டு வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். “பார்க்க நல்லாத்தானே இருக்கே!” என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அம்மாவும் அதையே வேறு விதமாகச் சொன்னார்: “சும்மா படுத்து ரெஸ்ட் எடு, சரியாப் போயிடும்.”

இரண்டு ஆண்டுகள் அலைந்த பிறகு மூட்டு, தசை நோய் மருத்துவர் ஒருவர் பெயர் சொன்னார்: ஃபைப்ரோமயால்ஜியா. மூட்டிலோ தசையிலோ சேதம் இருக்காது. நரம்பு மண்டலமும் மூளையும் வலிச் செய்தியைக் கையாளும் விதம் மாறி, வானொலியில் ஒலியைக் கூட்டி வைத்ததுபோல் சின்ன வலியும் பெரிதாகக் கேட்கும். வலியைக் குறைக்க மாத்திரை உண்டு. ஆனால் படுத்தே இருந்தால் உடம்பு மேலும் தளர்ந்து வலியும் கூடும் என்றார். இந்நோய்க்கான ஐரோப்பியப் பரிந்துரைகள் 2016இல் திருத்தி வெளியிடப்பட்டபோது, வலுவாகப் பரிந்துரைக்கப்பட்ட ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான்.

‘உடற்பயிற்சிதானே’ என்று கிளம்பினேன். உடம்பு லேசாக இருந்த ஒரு சனிக்கிழமை, இந்த நிலையத்திலிருந்து ரெயில் மால் கடைகளுக்கு அருகில் உள்ள இரண்டாவது இரும்புப் பாலம் வரை நடந்தேன். சுமார் 3 கிலோமீட்டர். நின்று ஓய்வெடுக்கவில்லை. பாலத்தில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். அடுத்த மூன்று நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. திங்கட்கிழமை மகளின் பள்ளியில் நிகழ்ச்சி, அவள் பாடினாள். எட்டு வயதுப் பிள்ளை கோபமே இல்லாமல் கேட்டாள்: “பாலத்துக்குப் போக முடிஞ்சுது, என் ஸ்கூலுக்கு வர முடியலையாம்மா?”

வலியைவிட அந்தக் கேள்விதான் என்னை பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பியது. அவர் கேட்ட முதல் கேள்வி, “உங்களால் மோசமான நாளில் எவ்வளவு நடக்க முடியும்?” என் பதில், பத்துப் பன்னிரண்டு நிமிடம். “அப்படியானால் போக ஆறு, வர ஆறு. நல்ல நாளிலும் அவ்வளவுதான். வலி வந்த பிறகு நிற்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்து நில்லுங்கள்.” வாரம் மூன்று முறை, தொந்தரவு இல்லாவிட்டால் வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டலாம் என்றார்.

அதற்கு நான் மீண்டும் இந்தப் பாதையையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ரயில் வண்டியால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, கண்ணுக்குத் தெரியாத சரிவாக அமைத்தார்கள். பக்கத்தில் புக்கிட் தீமா குன்று நிமிர்ந்து நிற்கிறது, ஆனால் பாதை மட்டும் என் முழங்காலுக்கு இரக்கம் காட்டுகிறது. உட்லண்ட்சிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர் நீளும் இத்தடத்தில் கடைசி ரயில் ஓடியது 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு. ஜோகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். 1932இல் கட்டப்பட்ட புக்கிட் தீமா நிலையம் புதுப்பிக்கப்பட்டு 2022 ஜூலையில் மீண்டும் திறக்கப்பட்டது. தண்டவாளத்தில் ஒரு பகுதியை அங்கே இன்னும் பார்க்கலாம்.

ஆறு நிமிடக் கணக்கு சொல்ல எளிது. செய்வதுதான் கடினம். காற்று குளிர்ச்சியாக இருக்கும், மரத்திலே துடுப்பு வால் கரிச்சான் கூப்பிடும், கால்களும் போகலாம் என்று சொல்லும். கடிகாரம் மட்டும் ‘திரும்பு’ என்னும். துணைக்கு வந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “இதுக்கா எம்ஆர்டி ஏறி வந்தோம்? பால்காரன்கூட இதைவிட அதிகமா நடப்பான்.” நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நாலாவது மாதம் என்று நினைக்கிறேன். நிலையத்து நடைமேடையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். சின்ன வயதில் கோலாலம்பூரில் இருந்த பெரியம்மா வீட்டுக்குத் தஞ்சோங் பகாரில் வண்டி ஏறுவார்களாம். ஒருமுறை இங்கே வண்டி வெகுநேரம் நின்றுவிட்டது.

“பழுதாப்பான்னு கேட்டேன். தாத்தா சொன்னாரு, ‘பழுது இல்லம்மா. எதிர்ல வண்டி வருது. இங்க நின்னாத்தான் மேல போக முடியும்’னு.”

தாத்தா சொன்னது சரிதான். இது ஒற்றைத் தடம். எதிரெதிரே வரும் வண்டிகள் விலகிக்கொள்ள இங்கே இன்னொரு தடம் இருந்தது. அடுத்த பகுதிக்கான டோக்கனை நிலையத்தில் வாங்கிக்கொண்ட பிறகே ஓட்டுநர் வண்டியை எடுக்க முடியும். வேகமாகப் போகும் வண்டிக்கும் அதே விதிதான். நின்றதற்காக அதை யாரும் பழுதான வண்டி என்று சொல்லவில்லை.

அதன்பிறகு அம்மா என்னை அவசரப்படுத்தவில்லை. ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை, “ஸ்டேஷன் வந்துடுச்சு, உட்காரு” என்று மடக்கு நாற்காலியை விரித்துப் போடுவார். அந்த நாற்காலியைத் தூக்கி வருவதும் அவர்தான். அறுபத்தாறு வயது அம்மா நாற்காலி சுமக்க, மகள் கைவீசி வருவதை முதலில் சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள். இப்போது அவர்களில் பாதிப்பேர் எங்களுக்கு வணக்கம் சொல்கிறார்கள்.

இடையில் சறுக்கல்களும் உண்டு. ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்கும் வாரங்களில் வலி முற்றி, இருபது நிமிடத்திலிருந்து மீண்டும் எட்டுக்கு இறங்கினேன். அப்போதும் எட்டு நிமிடம் நடந்தேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, மகளும் சேர்ந்துகொள்ள மூவரும் இரண்டாவது பாலத்தை அடைந்தோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இந்த முறை எடுத்த படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. திரும்பி நடக்கவும் இல்லை. ஹில்வியூ நிலையத்துக்கு மெல்லப் போய் எம்ஆர்டி ஏறினோம்.

மறுநாள் திங்கட்கிழமை. வலி இருந்தது. ஆனால் எழுந்தேன், கையைத் தூக்கி மகளுக்குத் தலை பின்னினேன், அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கும் போனேன்.

நீங்களும் போக நினைத்தால், வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். தண்ணீரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் வரும், உணவுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். பாதி வழியில் முடியாவிட்டால் பியூட்டி வொர்ல்ட் எம்ஆர்டி நிலையம் பக்கத்தில் இருக்கிறது. தீராத வலி உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசி, உங்கள் உடம்புக்கு ஏற்ற கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். என் ஆறு நிமிடம் உங்களுக்கு மூன்றாக இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம்.

வழியில் மடக்கு நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், உதவி வேண்டுமா என்று கேட்கத் தயங்காதீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் கேட்டால் சந்தோஷப்படுவேன்.