ஐம்பதைத் தாண்டிய ராப்

சங்கீத வித்வானுக்கு ஐம்பது வயது என்றால் 'இப்போதுதான் குரல் கனிந்திருக்கிறது' என்பார்கள். ராப் பாடகருக்கு அந்தச் சலுகை கிடையாது. தெருமுனைப் பையன்கள் உருவாக்கிய இசை அது. நாற்பதைத் தொட்டாலே மூட்டை கட்டச் சொல்லும். நியூயார்க்கின் நாஸ் மட்டும் கிளம்புவதாக இல்லை. 2023 செப்டம்பர் 14 அவருடைய ஐம்பதாவது பிறந்த நாள். கேக் வெட்டினாரோ இல்லையோ, அன்று 'மேஜிக் 3' ஆல்பத்தை வெளியிட்டார். மூன்று வருடச் சொச்சத்தில் அது ஆறாவது.

நசீர் ஜோன்ஸ் என்பது இயற்பெயர். ஜாஸ் கலைஞர் ஒலு தாராவின் மகன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. குயின்ஸ்பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பில் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி, 1994 ஏப்ரலில் 'இல்மாட்டிக்' ஆல்பமாகக் கொண்டுவந்தபோது வயது இருபது. நாற்பது நிமிட ஆல்பம்தான். அதுவே பிற்பாடு அவருக்கு வினையாயிற்று. எதை வெளியிட்டாலும் ''இல்மாட்டிக் மாதிரி இல்லையே'' என்று உதட்டைப் பிதுக்கினார்கள். வரிகளில் குறை காண முடியாதவர்கள் தாளத்தில் கண்டார்கள். நல்ல எழுத்தைச் சோனியான இசையில் வீணடிக்கிறார் என்பது புகார். அதில் உண்மையும் இருந்தது. கிராமி விருதுக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை பரிந்துரை. ஒவ்வொரு முறையும் வெறுங்கைதான்.

அதற்கு மருந்து, 'இல்மாட்டிக்' வந்தபோது ஏழு வயதுகூட நிறையாத ஒருவரிடம் இருந்தது. கலிபோர்னியாவின் ஹிட்-பாய். வரிகளுக்கு வழிவிட்டு, அதே சமயம் நெஞ்சில் இடிக்கிற தாளம் அவருடையது. இருவரும் சேர்ந்த 'கிங்ஸ் டிசீஸ்' (2020) அடுத்த வருடம் மார்ச்சில் கிராமியைப் பெற்றுத் தந்தது. அதே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் 'இல்மாட்டிக்'கைச் சேர்த்தது. இருபது வயது நாஸுக்கு அருங்காட்சியக மரியாதை, நாற்பத்தேழு வயது நாஸுக்குப் பரிசு! இரண்டாம் பாகத்தில் எமினெமும் லாரின் ஹில்லும் வந்து போனார்கள். மூன்றாம் பாகத்தில் விருந்தாளிகளே இல்லை.

இந்தியாவுக்கும் அவர் அந்நியரல்ல. 2019-ல் வந்த 'கல்லி பாய்' படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர். மும்பையின் டிவைன், நேஸியுடன் அதற்காக ஒரு பாடலிலும் குரல் கொடுத்தார். அதே வருடம் அவருடைய மாஸ் அப்பீல் நிறுவனம் இங்கே கிளை தொடங்கியபோது முதலில் ஒப்பந்தமானவர் டிவைன்தான்.

அந்த நிறுவனம் 2025-ல் செய்தது வியாபாரக் கணக்குக்கு அடங்காதது. நாஸின் சமகாலத்தவர்களும் முன்னோடிகளுமாக ஒவ்வொருவருக்கும் ஓர் ஆல்பம். இருபத்தாறு வருடம் ஆல்பமே தராத ஸ்லிக் ரிக், ரேக்வோன், கோஸ்ட்ஃபேஸ் கில்லா, டி லா சோல்... கூடவே மறைந்தவர்களும். பிக் எல் 1999-ல் சுட்டுக் கொல்லப்பட்டவர். மாப் டீப் இரட்டையரில் ப்ராடிஜி 2017-ல் இறந்தார். அவர்கள் விட்டுச்சென்ற பதிவுகளைக் கொண்டு ஆல்பங்கள் முழுமையாக்கப்பட்டன. அவற்றிலும் நாஸின் குரல் கேட்கிறது. பிரிந்த நண்பனோடு பாடுவது நெகிழ்ச்சிதான். ஆனால் 'இந்த வரி சரியில்லை, எடுத்துவிடு' என்று சொல்ல அவர்கள் இல்லை என்பது உறுத்தாமல் இல்லை.

வரிசையின் கடைசி, டிசம்பரில் வந்த 'லைட்-இயர்ஸ்'. 'இல்மாட்டிக்'கில் மூன்று பாடல்களுக்கு இசையமைத்த டிஜே பிரீமியருடன் முழு ஆல்பம். இதோ வருகிறது என்ற பேச்சு கிளம்பியது 2006-ல். ஹிப்-ஹாப் செத்துவிட்டது என்று நாஸ் ஆல்பத்துக்கே தலைப்பு வைத்த அதே வருடம்! ஹிட்-பாயின் துள்ளல் இதில் குறைவுதான். பழைய இசைத்தட்டைக் கையால் தேய்த்து ஒலியெழுப்பும் பிரீமியரின் வித்தை மட்டும் துருப்பிடிக்கவில்லை. 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பாடலின் மூன்றாம் பாகமும் இதில் உண்டு. முதல் பாகம் 1994-ல், இரண்டாவது 1999-ல். மூன்றாவது வெளிவந்தபோது நாஸுக்கு வயது ஐம்பத்திரண்டு.