நாலரைப் புள்ளி

பிப்ரவரி 11
பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றியே பேசுகிறார்கள். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். எனக்கும் தெரியும். பஸ் ஏறி அவர் கால் நசுங்கியபோது வயது ஐந்து. தாண்டப் பழகியதே அந்தக் காலோடுதான். நான் பத்து வயதிலிருந்து இரண்டு காலோடு கபடி பாடியவன். இதை யாரிடம் சொல்ல? ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பிப்ரவரி 12
இல்லாத பாதம் அரிக்கிறது.

மார்ச் 3
வீக்கம் வடிந்து, சதை சுருங்கினால்தான் செயற்கைக் காலுக்கு அளவெடுப்பார்களாம். அக்கா தினமும் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுகிறாள். முழங்கால் தப்பியது அதிர்ஷ்டம் என்கிறார் பிசியோ. அதிர்ஷ்டமாம்!

ஏப்ரல் 20
பிசியோவின் தொல்லை தாங்காமல் சக்கர நாற்காலி கூடைப்பந்து பார்க்கப் போனேன். சட்டென்று திரும்புவதற்காகச் சக்கரங்கள் கீழே அகன்று சாய்ந்திருக்கின்றன. பின்னால் கவிழாமலிருக்க ஒரு குட்டிச் சக்கரம். கூடை மட்டும் எல்லாருக்கும் உள்ள அதே 3.05 மீட்டர் உயரத்தில். சக்கரத்தை இரண்டு முறை தள்ளலாம். மூன்றாவதற்குள் பந்தைத் தட்டியாக வேண்டும். கபடியில் மூச்சை எண்ணினேன், இங்கே கையை எண்ண வேண்டும்.

உடம்பு எவ்வளவு ஒத்துழைக்கிறதோ அதற்கேற்ப ஆளுக்கு 1 முதல் 4.5 வரை புள்ளி. களத்திலுள்ள ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. கோச் என் காலைப் பார்த்துவிட்டு, "நாலரை வரும்" என்றார்.

"அப்போ இங்கே நல்லா இருக்கிறவன் நானா?"

பனைமரத்திலிருந்து விழுந்து, நெஞ்சுக்குக் கீழே உணர்வற்றுப்போன ஒரு அண்ணன் சிரித்தார். அவர் ஒரு புள்ளி. "ஆமா தம்பி. உன் விலை ஜாஸ்தி. உன்னை இறக்கணும்னா என்னை மாதிரி ஆளுங்க கூட இருக்கணும்."

எரிச்சலாக வந்தது. இனி போகப் போவதில்லை.

மே 9
உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை.

ஜூன் 14
அண்ணன் தன் நாற்காலியைக் குறுக்கே நிறுத்தி எதிராளியை மறித்தார். எனக்கு வழி திறந்தது. பந்து விழுந்ததும் எல்லாரும் என் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அவர் கூடைக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். இடுப்பைத் திருப்ப முடியாது. "விழுந்துச்சா?" என்று கேட்டார்.

ஊரில் நான் பாடிப்போய்ப் புள்ளி எடுத்து வந்தபோது கோட்டுக்குள் நின்ற மற்ற ஆறு பேரின் முகம் ஒன்றும் இன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

ஜூலை 28
கால் வந்துவிட்டது. தெருமுனை வரை நடந்தேன். அம்மா அழுதாள். ராத்திரி, "நடக்கிற புள்ளைக்கு இனிமே எதுக்குடா அந்த நாற்காலி?" என்றாள். நானும் யோசித்துப் பார்த்தேன். பயிற்சிக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 17
ஊர்க் கபடிப் போட்டி நோட்டீஸ் வந்திருக்கிறது. சிறப்பு விருந்தினர் வரிசையில் என் பேர், போட்டோவுடன். பழைய போட்டோ, தொடை தட்டுகிற மாதிரி. அதே ஞாயிறுதான் இங்கே மேட்ச். நடந்துபோய் மேடை ஏற வேண்டும் என்கிறாள் அம்மா. அண்ணன் போன் செய்தார்: "நீ வரலைன்னா கணக்கை மாத்திப் போடணுமாம், கோச் கேக்கச் சொன்னார்."

இரண்டு பேரிடமும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.