எலும்புக்கு என்ன தேய்மானம்?

போன வருஷம் ஒரு மினி லாரி என் காரின் பின்பக்கத்தை லேசாக முத்தமிட்டுவிட்டுப் போனது. இன்ஷூரன்ஸுக்கு எழுதிப் போட்டேன். சர்வேயர் வந்தார். குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், போட்டோ எடுத்தார். பிளாஸ்டிக் பம்பருக்கு 50 சதவீதத் தேய்மானம், கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்றால் எனக்குக் கோபம் வராது, மரியாதைதான் வரும். அதுவும் அந்த சர்வேயரிடம் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் லைசென்ஸ் இருக்கிறது. தப்புக் கணக்கு எழுதினால் அதைப் பறிக்கலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. உடைந்தது பம்பராக இல்லாமல் உங்கள் கணுக்காலாக இருந்தால்? அதன் தேய்மானத்தை யார் கணக்குப் போடுவார்?

ஒரு டாக்டர். எந்த டாக்டர் என்பதில்தான் கதையே இருக்கிறது.

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் ஒரு டீ குடித்துக்கொண்டே காதைத் தீட்டி வையுங்கள். "உனக்கு எவ்ளோ போட்டாங்க?" "நாப்பது." "பரவால்லியே!" பரீட்சை மார்க் இல்லை சார், ஊனத்தின் சதவீதம். வாலாஜா, பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று போகும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. காலையில் ஷூ கம்பெனி பஸ்கள், வேன்கள், டேனரிக்குப் போகிறவர்களின் பைக்குகள். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். விபத்து பிரியவில்லை.

தமிழ்நாட்டு விபத்துத் தீர்ப்பாயங்களில் ரொம்ப காலமாக ஒரு பழக்கம் உண்டு. ஊனத்தில் ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய். இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஏறி ஐயாயிரம் வரை வந்தது. 30 சதவீதம் என்றால் ஒன்றரை லட்சம். சதவீதத்துக்கு ரேட் இருந்தால், சதவீதம் விற்கும் கடையும் திறக்கத்தானே செய்யும்?

ஆபரேஷன் செய்தவர் ஒருவர், சர்டிபிகேட் கொடுப்பவர் இன்னொருவர். காரணம் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி சர்ஜனின் வாசலில் ஐம்பது பேர் காத்திருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு அவர் கோர்ட் கூண்டில் ஏறி, வாய்தா வாங்கித் திரும்ப முடியுமா? "அவரு வரமாட்டாரும்மா. நம்ம டாக்டர் ஒருத்தர் இருக்கார்" என்கிறார் யாரோ. காலை ஒரு தரம்கூடத் தொட்டுப் பார்க்காத கை கையெழுத்துப் போடுகிறது.

சுப்ரீம் கோர்ட்டுக்கு இது தெரியாமல் இல்லை. 2010-ல் ராஜ்குமார் - அஜய்குமார் வழக்கின் தீர்ப்பில், சிகிச்சையே கொடுக்காமல் தாராளமாக சர்டிபிகேட் கொடுக்கும் டாக்டர்களைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. சந்தேகம் வந்தால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பலாம் என்றது. சிகிச்சை கொடுத்த டாக்டரை கோர்ட்டில் காக்க வைக்காதீர்கள், தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கே கமிஷனரை அனுப்பி சாட்சியம் வாங்குங்கள் என்றும் சொன்னது.

அந்த வழக்கில் அடிபட்டவர் சீஸ் வியாபாரி. சர்டிபிகேட்டில் 45 சதவீதம். கோர்ட் ஒப்புக்கொண்ட வருமான இழப்பு 20 சதவீதம். டாக்டர் சொல்ல வேண்டியது உடம்பு இழந்ததை. சம்பாத்தியம் எவ்வளவு போயிற்று என்று தீர்மானிப்பது நீதிபதியின் வேலை. இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போச்சு. அரசு குமாஸ்தாவுக்கு அப்படி இல்லை.

ஆம்பூருக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். இரண்டு பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 32, சம்பளம் 10,000 ரூபாய். ஒரே மாதிரி கணுக்கால் விறைத்துப் போயிருக்கிறது. ஒருத்தி ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். இன்னொருத்தி பெடலை மிதித்து ஷூவின் மேல்தோலைத் தைக்கிறாள். அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 16. முதலாமவளுக்கு 10 சதவீத வருமான இழப்பு என்றால் 1,92,000 ரூபாய். இரண்டாமவளுக்கு 40 சதவீதம் என்றால் 7,68,000. மிகையாக ஒன்றும் எழுத வேண்டாம். உள்ளதை ஒழுங்காக எழுதினாலே போதும்.

பொய் சர்டிபிகேட்டில் ஏமாறுவது இன்ஷூரன்ஸ் கம்பெனி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நாலு பொய்யைப் பார்த்த நீதிபதி ஐந்தாவதாக வரும் நிஜக் காலையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். கம்பெனி ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகும். பணம் வருவதற்குள் தைக்கிற பெண்ணின் பிள்ளை பள்ளிக்கூடம் முடித்துவிடும். அதே சமயம் கம்பெனி பக்கம் நின்று 30-ஐ 5 ஆக்கும் டாக்டர் மட்டும் உத்தமரா என்ன?

இங்கிலாந்தில் 2015-ல் ஒரு வழி செய்தார்கள். கழுத்துச் சுளுக்கு கேஸ்களுக்கு வக்கீல் தன் இஷ்டப்பட்ட டாக்டரிடம் போக முடியாது. அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியலிலிருந்து கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுத் தரும் பெயர்களில்தான் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, எலும்பு டாக்டர்கள் இருக்கிறார்கள். பட்டியலும் குலுக்கலும், இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவும்தான் பாக்கி. கெடு முக்கியம். ஊன்றுகோலோடு மூன்று தடவை பஸ் ஏற வைத்தால் ஜனங்கள் பழைய கடைக்கே திரும்பிவிடுவார்கள்.

சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2002-ம் வருஷத்து மருத்துவ ஒழுக்க விதிகள்படி, டாக்டர் தான் கொடுத்த சர்டிபிகேட்டுகளுக்கு ஒரு ரிஜிஸ்டர் வைக்க வேண்டும். நோயாளியின் அங்க அடையாளம் குறிக்க வேண்டும், நகல் வைக்க வேண்டும். பொய்யாகக் கொடுத்தால் மெடிக்கல் கவுன்சிலில் புகார் செய்யலாம். ஆனால் அந்த ரிஜிஸ்டரைக் கொண்டு வா என்று யார் கேட்கிறார்கள்?

நீங்கள் கேட்கக்கூடியதும் அதே விதிகளில் இருக்கிறது. சிகிச்சை ரெக்கார்டு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாங்கி வையுங்கள். சர்டிபிகேட்டில் சதவீதம் இருந்தால், அது காலுக்கா, முழு உடம்புக்கா என்று எழுதச் சொல்லுங்கள். செய்கிற வேலையையும் மறக்காமல் சொல்லுங்கள். "பெடல் மிஷினில் தைப்பவர், கணுக்காலை மடக்க முடியவில்லை" என்று ஒரு வரி இருக்கட்டும். அந்த வரிக்கு யாரும் தனியாக பீஸ் கேட்பதில்லை.